முன்னிலையில் இருந்த எட்டு வாரங்கள்

மொழிபெயர்ப்பு என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் 624 பக்கம் கொண்ட ஓர் அறிவியல் வரலாற்று நூலை 52 வாரங்களில் மொழிபெயர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். கணக்கு எளிது: வாரத்துக்கு 12 பக்கம், ஒரு நாள் விடுப்பு போக நாளுக்கு 2 பக்கம். தொடக்கத்தில் எனக்கிருந்த ஆர்வத்தில் நாளுக்கு 3 பக்கம் தடையின்றி ஓடியது. 16ஆம் வாரத்தின் முடிவில் 192 பக்கம் முடிந்திருந்தால் போதும் என்ற நிலையில், 288 பக்கம் முடித்திருந்தேன். எட்டு வாரத்து வேலை கையிருப்பாக இருந்தது. அந்த நூலை நான் ஒப்படைத்தது, குறித்த நாளுக்கு ஒன்பது வாரம் கழித்து.

இடையில் எனக்கு நோய் வரவில்லை. வீட்டில் துயரம் எதுவும் நிகழவில்லை. கணினி பழுதாகி எழுதியது அழிந்துபோகவும் இல்லை. எட்டு வாரம் முன்னே இருந்த வேலை, முன்னே இருந்த காரணத்தாலேயே பின்தங்கியது. அது எப்படி நடந்தது என்பதை வாரக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு பிறகு பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். நீண்ட வேலை ஒன்றில், அது படிப்பாக இருக்கலாம், ஆய்வேடாக இருக்கலாம், உடற்பயிற்சியாகவும் இருக்கலாம், நன்றாக முன்னேறியிருக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு இப்போதே உதவக்கூடும் என்று நம்புகிறேன். பின்தங்கியவருக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முன்னே செல்பவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவருக்கு எதுவும் தேவைப்படுவதாகவும் தோன்றாது.

17ஆம் வாரத்தில் ஒரு சிறிய வேலை வந்தது. கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் சில பகுதிகளைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். வேறு எந்த ஆண்டாக இருந்தாலும் பெரிய வேலை கையில் இருக்கிறது என்று மறுத்திருப்பேன். அன்று மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை, ஏனென்றால் எட்டு வாரம் இருந்தது. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எடுத்துக்கொண்ட அந்த வேலை நான்கு வாரம் ஆனது. அது முடிந்ததும் உடனே பெரிய நூலுக்குத் திரும்பத் தோன்றவில்லை. இன்னும் நிறைய நாள் இருக்கிறதே என்று சில நாள் படித்தேன், சில நாள் கடிதங்களுக்குப் பதில் எழுதினேன். அந்த ஆறு வாரங்களில் நூலில் நான் செய்தது மொத்தம் 20 பக்கம். 22ஆம் வாரத்தின் முடிவில் 308 பக்கத்தில் நின்றேன். இருக்க வேண்டியது 264. கணக்குப்படி இன்னும் மூன்றரை வாரத்துக்கு மேல் முன்னிலையில்தான் இருந்தேன் என்பதால், குறிப்பேட்டைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு ஆறுதலைத்தான் தந்தது.

உண்மையில் நூல் கையை விட்டுப் போயிருந்தது என்பது 23ஆம் வாரத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. முதல் 16 வாரங்களில் என் தலைக்குள் ஒரு பட்டறை இயங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியரின் வாக்கியம் எங்கே திரும்பும் என்பது படிக்கும்போதே தெரியும். எந்தக் கலைச்சொல்லுக்கு எந்தச் சொல்லைத் தேர்ந்தேன் என்பது நினைவில் நிற்கும். ஓர் அத்தியாயத்தில் தொடங்கிய வாதம் அடுத்ததில் எங்கே வந்து சேர்கிறது என்பது மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு வார இடைவெளியில் அது முழுவதும் ஆறிப்போயிருந்தது. முதல் நாள் அரைப் பக்கம் எழுதினேன். எழுதியது வேறு யாரோ எழுதியதைப் போல இருந்தது. முன்பு எழுதிய 308 பக்கத்தையும் திரும்பப் படித்துக் கலைச்சொற்களைப் பட்டியலிடவே மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரத்தில் புதிதாக முடிந்தது 6 பக்கம். 25ஆம் வாரத்தின் முடிவில் 314 பக்கம். இருக்க வேண்டியது 300. எட்டு வாரம் கரைந்து ஒரு வாரமாகியிருந்தது.

அதற்குப் பிறகும் தப்பித்திருக்கலாம். 27 வாரம் இருந்தது, 310 பக்கம் இருந்தது. வாரத்துக்கு 12 பக்கத்துக்கும் குறைவாகச் செய்தால் போதும். முன்பு 18 பக்கம் செய்தவனுக்கு அது பெரிதில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் நூலின் பின்பாதி கடினமானது. கணிதம் மிகுந்த மூன்று அத்தியாயங்களும், நீண்ட அடிக்குறிப்புகளும், பழைய ஆவணங்களிலிருந்து எடுக்கப்பட்ட மேற்கோள்களும் அங்கேதான் குவிந்திருந்தன. நாளுக்கு ஒன்றரைப் பக்கம்தான் நகர்ந்தது, வாரத்துக்கு 9. 30ஆம் வாரத்தின் முடிவில் 359 பக்கம், இருக்க வேண்டியது 360. அந்த ஒரு பக்க வித்தியாசத்தைப் பார்த்த மாலையில்தான் முதன்முறையாகப் பயம் வந்தது. பயம் வந்தபின் வேகம் கூடவில்லை. தவறுகள்தான் கூடின.

தாமதத்தைவிட அதிகம் வருத்திய ஒன்றையும் சொல்ல வேண்டும். நூலின் மையமான ஒரு கருத்துக்கு முன்பாதியில் ஒரு சொல்லையும், பின்பாதியில் வேறொரு சொல்லையும் ஆண்டிருந்தேன். பட்டியலிட்டும் அது என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. பதிப்பாசிரியரிடம் செம்மையாக்கத்துக்கு இருந்த நேரத்தை நானே தின்றுவிட்டதால் அவரும் கவனிக்க வழியில்லாமல் போயிற்று. அச்சில் அப்படியே வந்தது. கவனமாகப் படித்த வாசகர் ஒருவர், இவை இரண்டும் வேறு வேறு கருத்துகளா என்று கேட்டு எழுதியபோது, 17ஆம் வாரத்தில் நான் சொன்ன அந்தச் சிறிய 'சரி' எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது புரிந்தது.

மகிழ்ச்சியால் வரும் மறதிக்குப் பழந்தமிழில் 'பொச்சாப்பு' என்று தனிச்சொல்லே இருக்கிறது. சோம்பலுக்கு வேறு சொல், அச்சத்துக்கு வேறு சொல், இதற்கு வேறு சொல். அந்தப் பிரிவினை மிகச் சரியானது என்று இப்போது கருதுகிறேன். சோம்பேறியை வேலை தொடக்கத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். பொச்சாப்பு நன்றாக வேலை செய்தவரை மட்டுமே பிடிக்கிறது. அவர் ஈட்டிய மகிழ்ச்சியின் வழியாகவே உள்ளே வருகிறது.

இது என் குணக்கேடு மட்டுமா என்று அறிய உளவியல் ஆய்வுகள் சிலவற்றைத் தேடிப் படித்தேன். சார்லஸ் கார்வர், மைக்கேல் ஷையர் என்ற இரு உளவியலாளர்கள் முன்வைத்த விளக்கம் எனக்கு மிகவும் பொருந்தியது. குறிக்கோளை நோக்கி எதிர்பார்த்ததைவிட வேகமாகச் செல்லும்போது நமக்கு நல்லுணர்வு உண்டாகிறது. அந்த நல்லுணர்வையே 'இங்கே போதும், வேறொன்றைக் கவனிக்கலாம்' என்ற அறிகுறியாக மனம் எடுத்துக்கொண்டு முயற்சியைத் தளர்த்துகிறது என்பது அவர்கள் கருத்து. பல வேலைகளைச் சமாளிக்க வேண்டிய மனத்துக்கு இது பயனுள்ள ஏற்பாடுதான். ஒரே பெரிய வேலையை நீண்ட காலம் செய்ய வேண்டியவருக்கு அதுவே குழியாகிறது. அயலெட் ஃபிஷ்பாக், ரவி தார் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களிடம், தாங்கள் ஏற்கெனவே நிறைய முன்னேறிவிட்டதான எண்ணத்தை உண்டாக்கியபோது, பழத்தை விட்டுவிட்டு சாக்லேட்டைத் தேர்ந்தவர்கள் அதிகமானார்கள். அவர்களின் எடை மாறவில்லை. முன்னேறிவிட்டோம் என்ற எண்ணமே தளர்வதற்கான உரிமைச்சீட்டாக வேலை செய்தது.

இன்னொரு ஆய்வு என் வாரக் குறிப்பேட்டை எனக்கே விளக்கியது போல இருந்தது. இலக்கை நெருங்க நெருங்க வேகம் கூடும் என்பதை 1930களிலேயே கிளார்க் ஹல் எலிகளை வைத்துக் காட்டியிருந்தார். 2011இல் ஆந்த்ரேயா போனெட்சியும் உடன் ஆய்ந்தவர்களும், தொடக்கத்திலும் முடிவிலும் உயர்ந்திருக்கும் ஊக்கம் நடுவில் தாழ்கிறது என்று எழுதினார்கள். தொடக்கத்தில் எவ்வளவு தொலைவு வந்தோம் என்று பார்க்கிறோம், இறுதியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறோம். நடுவில் இரண்டு அளவுகோலுமே மங்கலாக இருக்கின்றன. முன்னிலை என்பது பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது இந்த நடுவில்தான். தொடக்க ஊக்கத்தில் ஈட்டிய கையிருப்பு, ஊக்கம் இயல்பாகவே தாழும் வேளையில் கைக்கு வந்து சேர்கிறது. தளர மனம் ஏங்கும் நேரமும், தளரலாம் என்று கணக்கு சொல்லும் நேரமும் ஒன்றாக வருவதால்தான் அது அவ்வளவு நியாயமாகத் தோன்றுகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். ஓய்வு வேறு, தளர்ச்சி வேறு. களைத்த உடலுக்கும் மனத்துக்கும் ஓய்வு தேவை. அதை மறுத்துக்கொண்டு ஓடுபவர் பிறகு நெடுநாள் படுத்துவிட நேரும். நோயோ துயரோ வந்தவர் வேலையை இறக்கி வைப்பதே முறை. என் ஆறு வாரம் இவற்றில் எதுவும் இல்லை. ஓய்வுக்குத் திரும்பும் நாள் தெரியும். என் தளர்ச்சிக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை. அந்த ஆறு வாரத்தில் நான் ஒரு நாளும் உண்மையில் ஓய்வாக இருந்ததில்லை என்பதும் இப்போது தெரிகிறது, ஏனென்றால் பெரிய நூல் ஒவ்வொரு நாளும் மனத்தின் ஓரத்தில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

நிறுத்தினால் எவ்வளவு இழக்கிறோம், குறைத்தால் எவ்வளவு இழக்கிறோம் என்பதில் உடற்பயிற்சித் துறையினர் துல்லியமாக அளந்து வைத்திருக்கும் முடிவுகள் எனக்குப் பெரிய வெளிச்சமாக அமைந்தன. எட்வர்ட் கோயிலும் குழுவினரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பழகிய நெடுந்தொலைவு விளையாட்டு வீரர்கள் பயிற்சியை அறவே நிறுத்தியபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு 12 முதல் 21 நாட்களுக்குள்ளேயே ஏறத்தாழ 7 விழுக்காடு வீழ்ந்தது. 84 நாட்களில் வீழ்ச்சி 16 விழுக்காடு ஆனது. ஆண்டுக்கணக்கில் சேர்த்ததன் ஒரு பகுதி மூன்று வாரத்துக்குள் கரைந்துவிடுகிறது. இதற்கு மறுபக்கமாக, ராபர்ட் ஹிக்சன் 1980களில் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. வாரத்துக்கு 6 நாள் பயிற்சி செய்தவர்கள் அதை 4 நாளாகவோ 2 நாளாகவோ குறைத்து, ஆனால் ஒவ்வொரு முறையும் அதே கடுமையோடு செய்தபோது, 15 வாரம் கழித்தும் அந்த உச்ச அளவு பெரிதும் குறையாமல் நின்றது. கடுமையைக் குறைத்தபோதுதான் சரிவு வந்தது.

மொழிபெயர்ப்பு ஓட்டம் அல்ல என்பதை அறிவேன். ஆயினும் இந்த ஒப்புமையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் இன்றுவரை என்னைக் கைவிடவில்லை: அளவைக் குறைக்கலாம், கவனத்தைக் குறைக்கக் கூடாது. முதல் நூலில் நான் செய்தது இதற்கு நேர் எதிரானது. அந்த ஆறு வாரத்தில் எழுதிய 20 பக்கத்தை நாள்தோறும் ஏறத்தாழ அரைப் பக்கமாக, கூர்ந்த கவனத்தோடு எழுதியிருந்தால், 23ஆம் வாரத்தில் பட்டறை சூடாகவே இருந்திருக்கும். நானோ வாரத்துக்கு ஒருமுறை, மனம் ஒட்டாமல், குற்ற உணர்வைத் தணிப்பதற்காக மூன்று நான்கு பக்கங்களைத் தள்ளிவிட்டிருந்தேன். பக்க எண்ணிக்கை ஒன்றுதான். ஓட்டத்தைக் காப்பாற்றுவதில் இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

ஓட்டம் என்று நான் சொல்வது வேகத்தை அல்ல. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, முன்னே இருப்பவர் இன்னும் விரைய வேண்டும் என்று எண்ணுவதும் கேடுதான். ரோல்ட் அமுண்ட்சென் 1911இல் தென்துருவத்துக்குப் புறப்பட்ட வரலாற்றில் இரண்டு பக்கமும் இருக்கின்றன. போட்டியாளர் ஸ்காட் முந்திவிடுவாரோ என்ற பதற்றத்தில், கடுங்குளிர் தணியும் முன்பே செப்டம்பர் 8ஆம் நாள் புறப்பட்டு, தாக்குப்பிடிக்க முடியாமல் முகாமுக்குத் திரும்ப நேர்ந்தது. குழுவுக்குள் கசப்பும் மிஞ்சியது. அக்டோபரில் மீண்டும் கிளம்பியபோது, பனிச்சமவெளியில் நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் அளவாகப் பயணம் செய்து, மீதிப் பொழுதில் மனிதருக்கும் நாய்களுக்கும் ஓய்வு கொடுத்துச் சென்றார்கள். வானிலை நன்றாக இருக்கிறதே என்று எல்லா நாளும் இரட்டிப்புத் தொலைவு ஓடவும் இல்லை, நன்றாக வந்துவிட்டோம் என்று நின்றுவிடவும் இல்லை. டிசம்பர் 14ஆம் நாள் துருவத்தில் நின்றார்கள். ஸ்காட்டின் குழு அங்கே வந்தது 1912 ஜனவரி 17இல். என் முதல் நூலில் நாளுக்கு 3 பக்கம் என்று தொடங்கியதே ஒருவகையில் அந்தச் செப்டம்பர்ப் புறப்பாடுதான் என்று பிறகு தோன்றியது. 18 பக்கம் என்பது என் இயல்பான வாரம் அல்ல. அதில் பிறந்த கையிருப்பு ஏற்கெனவே ஒரு களைப்பைத் தன்னோடு சுமந்துகொண்டுதான் வந்தது.

அடுத்த நூல் 480 பக்கம், 40 வாரம், மறுபடியும் வாரத்துக்கு 12 பக்கம். இம்முறை 14 பக்கத்துக்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு நாள் நன்றாக ஓடினாலும் அன்றைய அளவு முடிந்ததும் எழுந்துவிடுவேன். இது முதலில் கடினமாக இருந்தது, ஏனென்றால் நன்றாக ஓடும் நாளில் நிறுத்துவது வீணடிப்பதைப் போலத் தோன்றும். நாளடைவில் அந்த மிச்சம் மறுநாள் காலையில் எனக்காகக் காத்திருப்பதைக் கண்டேன். பத்தி முடிவில் நிறுத்தாமல் பத்தியின் நடுவில், சில வேளை வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்துவதையும் பழகிக்கொண்டேன். பெர்லினில் உளவியலாளர் குர்ட் லெவினின் மாணவியாக இருந்த மரியா ஓவ்சியாங்கினா 1928இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயலின் நடுவில் தடுக்கப்பட்டவர்கள் யாரும் சொல்லாமலே மீண்டும் அதை எடுத்து முடிக்க முற்பட்டார்கள். பாதியில் நிற்கும் பத்தி எனக்கு அப்படித்தான் வேலை செய்கிறது. முடிந்த அத்தியாயத்தின் அடியில் நிற்பவருக்கு அடுத்த நாள் ஒரு புதிய மலையாகத் தெரிகிறது. பாதி வாக்கியத்தில் நிற்பவருக்கு அடுத்த நாள் ஒரு வினைச்சொல் மட்டுமே தேவைப்படுகிறது.

இரண்டாவது மாற்றம் குறிப்பேட்டில். முதல் நூலுக்கு நான் வைத்திருந்த அட்டவணையில் 'முன்னிலை' என்றே ஒரு நெடுவரிசை இருந்தது. வாரம்தோறும் அதைப் பார்த்து மகிழ்ந்தேன். இரண்டாவது நூலுக்கு அந்த நெடுவரிசையை எடுத்துவிட்டேன். இந்த வாரம் எத்தனை பக்கம், எஞ்சியிருப்பவை எத்தனை பக்கம், எஞ்சியிருப்பவற்றில் கடினமானவை எத்தனை என்ற மூன்று எண்கள் மட்டும். இந்த மூன்றாவது எண்ணைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். முன்னிலையைக் கணக்கிடும்போது நாம் எல்லாப் பக்கமும் ஒரே எடை உடையவை என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலான வேலைகளில் அப்படி இல்லை. எளியதை முதலில் செய்துவிட்டுக் கடியதைத் தள்ளிவைப்பது மனித இயல்பு; அதனால் பாதி முடிந்தது என்று எண் சொல்லும்போது உழைப்பில் மூன்றில் ஒரு பங்குகூட முடியாமல் இருக்கலாம். முதல் நூலின் 288ஆம் பக்கத்தில் நின்றபோது முன்னே இருந்த அத்தியாயங்களை ஒரு மாலை உட்கார்ந்து புரட்டிப் பார்த்திருந்தால், எட்டு வாரம் என்பது உண்மையில் ஒரு வாரம்கூட இல்லை என்பது அன்றே தெரிந்திருக்கும்.

ஓய்வு நேரத்தில் சதுரங்கம் ஆடுவது என் வழக்கம். வென்றுவிட்ட ஆட்டத்தை வெல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று சதுரங்கம் ஆடுவோர் சொல்வதுண்டு. அதை என் தோல்விகளே எனக்குக் கற்பித்தன. ஒரு குதிரை கூடுதலாக இருக்கும் ஆட்டத்தில், இனி எதை நகர்த்தினாலும் வெற்றிதான் என்று வேகமாகக் காய் நகர்த்தி, எதிராளியின் ஒற்றைச் சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டி ராணியாக மாறியதைப் பார்த்திருக்கிறேன். முன்னிலையில் இருக்கும்போது கேள்வி மாற வேண்டும் என்பதை மேம்பட்ட ஆட்டக்காரர் ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்னார். சமநிலையில் இருக்கும்போது 'எனக்கு என்ன வேண்டும்' என்று கேட்கிறோம். முன்னே இருக்கும்போது 'எதிராளிக்கு இப்போது என்ன வேண்டும்' என்று கேட்டு அதை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். முன்னே இருப்பவருக்கு வேலை குறைவதில்லை, வேலையின் தன்மை மாறுகிறது.

இதை என் மேசைக்குக் கொண்டுவந்தபோது, கையிருப்பாகக் கிடைத்த நாட்களை எதற்குச் செலவிடுவது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. இரண்டாவது நூலில் 20ஆம் வாரத்தின் முடிவில் 280 பக்கம் முடிந்திருந்தது, தேவை 240. மூன்று வாரத்துக்கு மேல் கையில் இருந்தது. இந்த நூலை இனி எது கெடுக்கக்கூடும் என்று எழுதிப் பார்த்தேன். கலைச்சொல் முரண்பாடு, இரண்டு கடின அத்தியாயங்கள், ஆசிரியரிடம் கேட்டுத் தெளிய வேண்டிய ஐயங்கள், என் களைப்பு என்று நான்கு வந்தன. ஐயங்களை அன்றே தொகுத்து அனுப்பினேன், ஏனென்றால் பதில் வர எத்தனை வாரம் ஆகும் என்பது என் கையில் இல்லை. கடின அத்தியாயங்களில் ஒன்றை வரிசையை மீறி முன்னால் இழுத்து எடுத்துக்கொண்டேன். களைப்புக்கு ஒரு வாரம் ஒதுக்கினேன். ஆனால் அந்த வாரத்துக்குப் போகும் முன்பே திரும்பும் நாளையும், திரும்பிய அன்று தொடங்க வேண்டிய வாக்கியத்தையும் எழுதி வைத்தேன். அந்த வாரத்திலும் நாளுக்கு ஒரு பக்கம், ஒரே பக்கம், முழுக் கவனத்தோடு எழுதினேன். வாரம் முடிந்தபோது 286 பக்கம் ஆகியிருந்தது. மறுநாள் அமர்ந்தபோது எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

அதே வாரத்தில் சிறிய வேலை ஒன்றும் வந்தது. இது தற்செயல் அல்ல என்றே எண்ணுகிறேன். முன்னிலையில் இருப்பவர் முகத்திலேயே நேரம் இருப்பது தெரிந்துவிடுகிறது, நாமே பேச்சுவாக்கில் சொல்லியும்விடுகிறோம். 35ஆம் வாரத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று பதில் எழுதினேன். மறுப்பதற்குச் சொல்ல வேண்டிய காரணத்தை, கேட்பவர் வரும் முன்பே முடிவு செய்து வைத்திருந்ததால் அது எளிதாயிற்று. முன்னிலையைத் திருடுவது பெரும்பாலும் சோம்பல் அல்ல, நல்ல காரியங்களுக்கு நாம் சொல்லும் 'சரி'. நண்பருக்கு உதவி, சுவையான ஒரு சிறு பணி, நெடுநாளாகத் தள்ளிவைத்த ஒரு வாசிப்பு என ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானவை. அதனால்தான் காவலை அங்கே போட வேண்டியிருக்கிறது.

திரும்பும்போது ஓட்டம் பிடிபடாமல் போய்விட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கும் சிலர் இப்போது என் 23ஆம் வாரத்தில் இருக்கக்கூடும். விட்ட முன்னிலையை ஒரே வாரத்தில் மீட்க முயலாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். நாளுக்கு 4 பக்கம் என்று இலக்கு வைத்து, மூன்று நாள் தோற்று, நான்காம் நாள் உட்காரவே மனமில்லாமல் போனது. பழைய இயல்பான அளவில் பாதியை எடுத்துக்கொண்டு, அதைப் பத்து நாள் தவறாமல் செய்வது பயன் தரும். முன்பு எழுதியதைத் திரும்பப் படிப்பதைத் தனி வேலையாக மூன்று வாரம் செய்யாமல், நாள்தோறும் சிறிது பழையது, சிறிது புதியது என்று கலந்து செய்வதும் நல்லது. புதியது நகர்ந்தால்தான் பட்டறை சூடாகும்.

லிண்ட்சே ஜேக்கபெல்லிஸ் என்ற பனிச்சறுக்குப் பலகை வீராங்கனையின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில், தடைப்பாதைப் போட்டியின் இறுதிச் சுற்றில் அவர் மற்றவர்களை மிகவும் பின்னால் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால், கடைசிக்கு முந்தைய தாவலில், தேவையில்லாத ஒரு அலங்கார அசைவாகப் பலகையைக் கையால் பிடித்தார், இறங்கும்போது விழுந்தார். பின்னால் வந்த தான்யா ஃப்ரீடன் கடந்து சென்று தங்கம் வென்றார், ஜேக்கபெல்லிஸுக்கு வெள்ளி. அதற்குப் பின் வந்த மூன்று ஒலிம்பிக்குகளிலும் அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. 2022 பெய்ஜிங்கில், 36 வயதில், அதே போட்டியில் தங்கம் வென்றார். அந்த ஒரு நொடியைப் பற்றி உலகம் பதினாறு ஆண்டுகள் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தபோதும் அவர் பனியை விட்டு விலகவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அச்சில் நின்றுவிட்ட அந்த இரட்டைச் சொல்லைப் பார்க்க நேரும்போதெல்லாம் அவரை எண்ணிக்கொள்கிறேன். அடுத்த பதிப்புக்கான திருத்தப் பட்டியலை அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது நூலின் கடைசிப் பக்கம் 35ஆம் வாரத்தில் முடிந்தது. எஞ்சிய ஐந்து வாரமும் திருத்தத்துக்கே போயிற்று. முதல் நூலில் எனக்குக் கிடைக்காத அந்த நிதானமான மறுவாசிப்பில், ஒரே கருத்துக்கு இரண்டு சொல் வந்த இடங்கள் ஐந்து கண்ணில் பட்டன. ஐந்தையும் ஒப்படைப்பதற்கு முன்பே சரிசெய்தேன். இப்போது மூன்றாவது நூலின் நடுவில் இருக்கிறேன். இன்றைய அளவு முடிந்துவிட்டது, நேரமும் மீதி இருக்கிறது. கடைசி வாக்கியத்தின் எழுவாயை எழுதி அங்கேயே நிறுத்தியிருக்கிறேன். பயனிலை நாளைக் காலைக்கு.